சதவீதம் பத்திரமாக இருக்கிறது, பணியிடம் எங்கே?

"இட ஒதுக்கீட்டில் கை வைத்தால் தமிழ்நாடு சும்மா இருக்காது." அம்பத்தூரிலோ ஆவடியிலோ எந்தக் கட்சி மேடை போட்டாலும் இந்த வரி வந்துவிடும், கைத்தட்டலும் வரும். நானும் தட்டியிருக்கிறேன். இது வெறும் மேடைப் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. போர், பஞ்சம், அந்நியச் செலாவணி நெருக்கடி, காலிக் கஜானா, கொரோனா என்று எத்தனையோ வந்து போயின. ஒரு நெருக்கடியிலும் பட்டியல் சாதியினருக்கான சதவீதத்தை யாரும் குறைக்கவில்லை.

ஆனால் நான் வேலை செய்யும் தெருக்களில், முப்பது வயதுக்குள் அரசு வேலைக்குப் போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். டிஎன்பிஎஸ்சி அறிவிப்பு வரும்போதெல்லாம் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "அக்கா, நம்ம கோட்டால எத்தன போஸ்ட்டுக்கா?" 18 சதவீதம் என்று அவர்களுக்கு மனப்பாடம். எதில் 18 சதவீதம் என்பதுதான் சிக்கல்.

மேடையில் சொல்வதும் உண்மை, தெருவில் பார்ப்பதும் உண்மை. இரண்டும் எப்படி ஒன்றாக இருக்கின்றன என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் வீட்டிலிருந்தே சொல்கிறேன். ஆயா ஒரு நகராட்சியில் துப்புரவுப் பணியாளர், நிரந்தரம். விடியற்காலை நான்கு மணிக்குத் துடைப்பத்தோடு கிளம்பிய அந்த வேலையை எந்தச் சாதிக்காரரும் போட்டிக்கு வந்து கேட்கவில்லை. ஆனால் அதில் மாதச் சம்பளம் இருந்தது, பி.எஃப். இருந்தது, சாகும்வரை பென்ஷன் இருந்தது. அந்தச் சம்பளத்தில்தான் அப்பா ஐ.டி.ஐ. படித்தார். எண்பதுகளில் எஸ்.சி. ஒதுக்கீட்டில் மத்திய அரசுத் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். குவார்ட்டர்ஸ் கிடைத்தது. குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனால் யாரும் சாதி கேட்காத ஒரு தெருவில் நான் வளர்ந்தேன். சமூகவியலில் எம்.ஏ. முடித்தேன். மாமாவின் கதை வேறு, தம்பியின் கதை வேறு. அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

முதலில், நெருக்கடிக் காலங்களில் ஒதுக்கீடு எப்படித் தப்பித்தது என்று பார்ப்போம்.

1943. இரண்டாம் உலகப் போர் நடக்கிறது, வங்காளத்தில் மக்கள் பசியில் சாகிறார்கள். அந்த ஆண்டில்தான், வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இருந்த அம்பேத்கரின் முயற்சியால், மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 8.33 சதவீத ஒதுக்கீடு வந்தது. 1946இல் அது 12.5 ஆனது.

1951. தேசப் பிரிவினையின் காயமும் உணவுத் தட்டுப்பாடும் தீராத நேரம். சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையைச் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. பெரியார் தெருவில் இறங்கினார். அதே ஆண்டு அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது.

1979. எம்.ஜி.ஆர். அரசு பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுக்கு ஆண்டு வருமானம் 9000 ரூபாய் என்று வரம்பு வைத்தது. 1980 ஜனவரி நாடாளுமன்றத் தேர்தலில் அ.தி.மு.க.வுக்குத் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் கிடைத்தது 2. வரம்பு உடனே போனது. பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு 31இலிருந்து 50 ஆக உயர்ந்தது. அதற்குப் பிறகு இந்த மாநிலத்தில் எந்தக் கட்சியும் அந்தப் பக்கம் கை நீட்டவில்லை.

1991. இரண்டு வாரத்து இறக்குமதிக்குக்கூட டாலர் போதாத நிலை. தங்கத்தை அடகு வைத்தார்கள். ஜூலையில் மன்மோகன் சிங்கின் பட்ஜெட் வந்தது. அந்தப் புயலுக்கு நடுவில்தான் மண்டல் தீர்ப்பு வந்தது, 1993இல் மத்திய அரசுப் பணிகளில் 27 சதவீதம் நடைமுறைக்கு வந்தது. 50 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று நீதிமன்றம் சொன்னபோது, ஜெயலலிதா அரசு 1993 டிசம்பரில் 69 சதவீதத்துக்குத் தனிச் சட்டம் நிறைவேற்றியது. 1994இல் 76ஆவது திருத்தம் அதை ஒன்பதாவது அட்டவணையில் கொண்டுபோய் வைத்தது.

1995இல் 77ஆவது திருத்தம், எஸ்.சி., எஸ்.டி. பதவி உயர்வு ஒதுக்கீட்டுக்காக. 2000இல் 81ஆவது திருத்தம், பின்னடைவுப் பணியிடங்களுக்காக. 2001இல் 85ஆவது திருத்தம், பணிமூப்புக்காக. நீதிமன்றம் ஒரு கதவைச் சாத்தினால் நாடாளுமன்றம் அதைத் திறந்துவிட்டது. பெரிய கட்சிகள் எதுவும் குறுக்கே நிற்கவில்லை.

அரசியல் சட்டம் என்ற பூட்டு, தேர்தல் பயம் என்ற காவல்காரன், தெருப் போராட்டம் என்ற குரைக்கும் நாய். மூன்றும் சேர்ந்துதான் ஒதுக்கீட்டைக் காப்பாற்றின. இதைச் சின்ன சாதனையாக நான் நினைக்கவில்லை.

இப்போது அதே ஆண்டுகளை இன்னொரு பக்கத்திலிருந்து பாருங்கள். பின்னடைவுப் பணியிடங்களைக் காக்க 81ஆவது திருத்தம் வந்த அதே 2000இல்தான், அதே வாஜ்பாய் அரசு, மாடர்ன் ஃபுட்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனத்தை இந்துஸ்தான் லீவருக்கு விற்றது. 85ஆவது திருத்தம் வந்த 2001இல் பால்கோவின் 51 சதவீதப் பங்கு தனியாருக்குப் போனது. விற்ற மறுநாள் அந்தத் தொழிற்சாலையில் இட ஒதுக்கீடு கிடையாது. இதற்கு அரசியல் சட்டத்தில் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

தமிழ்நாட்டிலும் இதுதான் நடந்தது. 2001இல் மாநிலத்தின் நிதிநிலை பற்றி வெள்ளை அறிக்கை வந்தது, கஜானா காலி என்றார்கள். அந்த நவம்பரில் புதிய பணி நியமனங்களுக்குத் தடை விதித்து அரசாணை போட்டார்கள். ஆசிரியர், காவலர், மருத்துவர் போன்ற சில பணிகளுக்கு மட்டும் விலக்கு. விலக்குப் பெற்ற ஆசிரியர்களும் தொகுப்பூதியத்துக்குத்தான் போனார்கள். 2006 பிப்ரவரியில், சட்டமன்றத் தேர்தலுக்கு மூன்று மாதம் இருக்கும்போது, தடை நீங்கியது.

அந்த நான்கேகால் ஆண்டும் 69 சதவீதச் சட்டம் ஒன்பதாவது அட்டவணையில் பத்திரமாகத்தான் இருந்தது. 69 சதவீதம், பூஜ்யத்தின் மேல்.

மாமாவின் கதை அந்த ஆண்டுகளில்தான் முடிந்தது. பி.ஏ. படித்தவர். திருவள்ளூர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் பதிவைப் புதுப்பித்தார். தடை நீங்கியபோது எஸ்.சி.க்கான வயது வரம்பையும் தாண்டியிருந்தார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஹெல்பராகச் சேர்ந்து இன்றும் ஷிப்ட் வேலைதான் பார்க்கிறார். ஒதுக்கீட்டால் அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் "உங்களுக்கு என்னப்பா, கோட்டா இருக்கு" என்ற பேச்சை மட்டும் கம்பெனி கேண்டீனில் இருபது ஆண்டாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

2020இல் கொரோனா. மே மாதம் அரசு ஊழியர் ஓய்வு வயதை 58இலிருந்து 59 ஆக்கினார்கள். 2021 பிப்ரவரியில் 60. ஓய்வுக்காலப் பணப்பலன் கொடுக்கக் காசில்லாத அரசுக்கு அது வசதி. காலியாக வேண்டிய இடங்கள் காலியாகாமல் போனதை யாரும் இட ஒதுக்கீட்டுப் பிரச்சினையாகப் பேசவில்லை. சதவீதத்தில்தான் யாரும் கை வைக்கவில்லையே.

சதவீதத்தைத் தொட வேண்டுமென்றால் அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும், நீதிமன்றத்தைத் தாண்ட வேண்டும், அடுத்த தேர்தலில் பதில் சொல்ல வேண்டும். பணியிடத்தை ஒழிக்க நிதித்துறையின் ஒரு அரசாணை போதும். நெருக்கடி வரும்போது அரசு எதைத் தொடும்? விலை குறைந்ததைத்தான் தொடும். ஆகவே ஒவ்வொரு நெருக்கடியிலும் ஒதுக்கீடு பிழைக்கிறது, ஒதுக்கீடு செய்வதற்கான வேலை தேய்கிறது. பேரம் பேசி இப்படி முடிவெடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அமைப்பே அப்படிக் கட்டப்பட்டிருக்கிறது.

இது நம் ஊருக்கு மட்டும் உரியதில்லை. மலேசியாவைப் பாருங்கள். 1971இல் மலாய்க்காரர்களுக்கும் பிற பூமிபுத்திரர்களுக்கும் முன்னுரிமை தரும் புதிய பொருளாதாரக் கொள்கை அங்கே நடைமுறைக்கு வந்தது. அரசியல் சட்டத்தின் 153ஆவது பிரிவு அதற்குக் காவல். எண்பதுகளின் மத்தியில் மந்தம் வந்தபோது, 1986இல், வெளிநாட்டு முதலீட்டாளருக்காகப் பங்கு விதிகளைத் தளர்த்தினார்கள். ஆசிய நிதி நெருக்கடியின்போது, 1998இல், மறுபடியும் தளர்த்தினார்கள். 2009இல் உலக நெருக்கடி வந்தபோது 27 சேவைத் துணைத் துறைகளில் 30 சதவீதப் பங்கு நிபந்தனையை எடுத்தே விட்டார்கள். 153ஆவது பிரிவு அப்படியே இருந்தது. வாக்காளர் கண்ணுக்குத் தெரிவதை வைத்துக்கொள், முதலீட்டாளர் கண்ணை உறுத்துவதை விட்டுக்கொடு. இதுதான் அங்கேயும் கணக்கு.

பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. அங்கே முன்னுரிமை, ஆட்சியில் இருக்கும் பெரும்பான்மைக்கு. இங்கே பட்டியல் சாதியினருக்கான ஒதுக்கீடு, ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய நம் ஆட்களின் பேரப்பிள்ளைகள் அந்தக் கொள்கைக்கு வெளியேதான் நின்றார்கள். ஆகவே நெருக்கடியில் எந்த ஒதுக்கீடு பிழைத்தது என்று கேட்பதோடு, அது யாருடைய எண்ணிக்கை பலத்தால் பிழைத்தது என்றும் கேட்க வேண்டும்.

அந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டிடம் கேட்டால் பதில் கொஞ்சம் கசக்கும். 1971இல் பட்டியல் சாதியினர் ஒதுக்கீடு 16இலிருந்து 18 ஆனது. அன்றிலிருந்து அது 18தான். 2011 கணக்கெடுப்பில் நம் மக்கள்தொகை 20.01 சதவீதம். பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு அதே காலத்தில் 31இலிருந்து 50 ஆகியிருக்கிறது. அவர்களுக்குக் கிடைத்ததை நான் குறை சொல்லவில்லை. அவர்களின் வாக்கு பலம்தான் 69 சதவீதம் என்ற கூரையைத் தாங்கி நிற்கிறது, நாமும் அதன் கீழ்தான் நிற்கிறோம். ஆனால் கூரையின் அளவை முடிவு செய்யும்போது நம்மைக் கேட்டதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

18க்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம் 2009இல் வந்தது. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உள் ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்தது. அந்த 3 சதவீதம் நியாயமானது என்பதே என் நிலைப்பாடு. எங்கள் பகுதியில் இதை வைத்துப் பறையர் பிள்ளைகளும் அருந்ததியர் பிள்ளைகளும் வாட்ஸ்அப்பில் அடித்துக்கொள்வதைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. பானையில் சோறு குறைந்துகொண்டே வருவதைக் கேட்காமல் கரண்டிக்காகச் சண்டை போடுகிறோம்.

அம்பேத்கர் இதை முன்கூட்டியே பார்த்தவர். 1947இல் அரசியல் நிர்ணய சபைக்காக அவர் தயாரித்த 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்தில் பட்டியல் சாதியினருக்கான பாதுகாப்புகளும் இருந்தன, முக்கியத் தொழில்கள் அரசின் கையில் இருக்க வேண்டும் என்ற திட்டமும் இருந்தது. இரண்டாவதையும் அரசியல் சட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும், வருகிற போகிற பெரும்பான்மை அதை மாற்ற முடியாதபடி செய்ய வேண்டும் என்றார். நமக்குக் கிடைத்தது முதல் பாதி. வேலி கிடைத்தது. நிலம், ஆட்சிக்கு வருகிறவரின் மனசுக்கு விடப்பட்டது.

அந்த நிலத்தின் ஒரு துண்டு இங்கே ஆவடியில்தான் இருக்கிறது. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு ஆவடியில் கூடி 'சோஷலிச பாணி சமுதாயம்' என்று தீர்மானம் போட்டது. அடுத்த பத்து ஆண்டில் இங்கே கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. அதைப் போன்ற மத்திய அரசுத் தொழிற்சாலைகளின் ரோஸ்டர் பதிவேட்டில் ஒரு வரி கிடைத்த குடும்பங்கள்தான் பட்டாபிராமிலும் திருமுல்லைவாயிலிலும் முதல் கான்கிரீட் வீட்டைக் கட்டின. அம்பத்தூர் தொழிற்பேட்டையும் அரசு உருவாக்கியதுதான். ஆனால் உள்ளே இருப்பவை தனியார் கம்பெனிகள், அங்கே ரோஸ்டர் இல்லை. ஒரே சாலையில் மூன்று ரயில் நிலையத் தூரத்துக்குள் இரண்டு உலகம்.

2021 அக்டோபர் 1 அன்று நாட்டின் 41 படைக்கலத் தொழிற்சாலைகளை ஏழு நிறுவனங்களாகப் பிரித்தார்கள். ஆவடித் தொழிற்சாலை, ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் நிகம் நிறுவனத்துக்குள் போனது. பழைய ஊழியர்கள் மத்திய அரசு ஊழியர்களாகவே தொடர்கிறார்கள். 2025இல் அங்கே 1850 இளநிலைத் தொழில்நுட்பப் பணிகளுக்கு விளம்பரம் வந்தபோது எங்கள் பகுதியே பரபரப்பானது. விளம்பரத்தில் எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. என்று ஒதுக்கீட்டுக் கட்டங்கள் இருந்தன. வேலையோ ஒப்பந்தம். ஓராண்டுக்கு, வேண்டுமானால் நீட்டிப்பார்கள். ஒதுக்கீடு முழுசாக இருக்கிறது, வேலைக்குத்தான் ஆயுள் இல்லை.

இது ஒரு தொழிற்சாலையின் கதை மட்டும் இல்லை. மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களின் மொத்த ஊழியர் எண்ணிக்கை 2013 மார்ச்சில் 17.3 லட்சம், 2022 மார்ச்சில் 14.6 லட்சம். அதில் ஒப்பந்த, தற்காலிக ஊழியர்களின் பங்கு 19 சதவீதத்திலிருந்து 42.5 சதவீதம் ஆனது. என் தம்பி அந்தப் பங்கில் ஒருவன். இடத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். அப்பா செய்த அதே வகை வேலை, அப்பா முப்பது வயதில் வாங்கிய மரியாதை இல்லை. பெண் பார்க்கப் போன வீட்டில் "பர்மனென்டா?" என்று கேட்டார்கள். அவனால் தலையாட்ட முடியவில்லை.

ஆயாவின் வேலைக்கு என்ன ஆனது? அதுதான் எனக்கு ரொம்பக் கோபம் வரும் இடம். சென்னை மாநகராட்சியின் 15 மண்டலங்களில் பெரும்பாலானவற்றில் குப்பை அள்ளும் பணி தனியாரிடம் போய்விட்டது. 2025இல் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களையும் கொடுத்தபோது, ஆகஸ்டு 1 முதல் 13 நாள் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் நம் பெண்கள். மாதம் சுமார் 23,000 ரூபாய் வாங்குகிறோம், கான்ட்ராக்டரிடம் போனால் 17,000கூட வராது என்றார்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. 2022 அக்டோபரில் வந்த அரசாணை 152, சென்னை தவிர்த்த மாநகராட்சிகளிலும் கடைநிலைப் பணிகளை வெளிமுகமைக்குத் திருப்பியது. அதில் எங்கள் ஆவடியும் உண்டு.

இந்த வேலையில் நமக்கு யாரும் ஒதுக்கீடு தரவில்லை, சாதியே ஒதுக்கித் தந்தது. நிரந்தரம் என்ற ஒன்றுதான் அந்த இழிவிலிருந்து அடுத்த தலைமுறையை வெளியே தூக்கிவிட்ட கயிறு. இப்போது குப்பையும் அதே, கையும் அதே, கயிறு மட்டும் இல்லை.

"அரசிடம் காசில்லையே, என்ன செய்வது?" என்று நல்லெண்ணத்தோடு கேட்பவர்கள் உண்டு. வேலை நின்றுவிட்டால் அந்த வாதம் சரி. தெரு பெருக்க இன்றும் ஆள் வேண்டும், காசும் அரசுதான் கொடுக்கிறது. நடுவில் ஒரு கான்ட்ராக்டர் வந்திருக்கிறார், அவர் ஆள் எடுக்கும்போது இனச்சுழற்சிப் பதிவேடு இல்லை. நெருக்கடி தீர்ந்த பிறகும் அவர் போவதில்லை.

அழுத்தம் கொடுத்தால் இதிலும் அரசு பின்வாங்கும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. 2022 அக்டோபரில் மனிதவளச் சீர்திருத்தக் குழு ஒன்றை அமைத்து அரசாணை 115 வந்தது. அரசுப் பணிகளை வெளிமுகமைக்கு விடுவதும் அதன் ஆய்வுப் பட்டியலில் இருந்தது. ஊழியர் சங்கங்கள் கொதித்தன, ஆய்வு வரம்புகளை முதல்வர் ரத்து செய்தார். பீகாரில் 2017இல் வெளிமுகமைப் பணிகளுக்கும் ஒதுக்கீடு பொருந்தும் என்று அமைச்சரவை முடிவெடுத்தது. சமூகநீதியின் தாய்வீடு என்று சொல்லிக்கொள்ளும் நாம் அதைவிடக் கூடுதலாகக் கேட்க வேண்டாமா?

நான் கேட்பவை மூன்று. மக்கள்தொகைக்கு ஏற்ப 18ஐ உயர்த்த வேண்டும். அரசுப் பணம் செல்லும் எந்த வேலைக்கும், இடையில் எத்தனை கான்ட்ராக்டர் இருந்தாலும், ஒதுக்கீடு சட்டமாக வேண்டும். அனுமதிக்கப்பட்ட ஒரு பணியிடத்தை ஒழிக்கவோ வெளிமுகமைக்கு விடவோ வேண்டுமானால், அதனால் ஒவ்வொரு வகுப்பும் எத்தனை இடத்தை இழக்கிறது என்ற கணக்கைச் சட்டமன்றத்தில் வைத்த பிறகே செய்ய வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம். சதவீதத்தைத் தொடுவது எவ்வளவு கடினமோ, பணியிடத்தைத் தொடுவதும் அவ்வளவு கடினமாக வேண்டும்.

அதுவரை நம்மால் ஆன சின்ன வேலை ஒன்று இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு போடலாம். உங்கள் மாநகராட்சியிலோ நகராட்சியிலோ அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரப்பியது எத்தனை, பத்து ஆண்டில் ஒழித்தது எத்தனை, எஸ்.சி., எஸ்.சி. அருந்ததியர், எஸ்.டி. பின்னடைவு எத்தனை என்று கேளுங்கள். பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து இந்த மனுக்களை எழுத ஆரம்பித்திருக்கிறோம். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன். அடுத்த முறை மேடையில் 69 என்று யாராவது முழங்கினால், கைத்தட்டிவிட்டு, அந்தத் தாளை எடுத்து நீட்டுங்கள்.